பின்னிருக்கையின் அமைதி



கடந்த தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு ஒப்புரவு அருளடையாளத்துக்காக நான் கோயிலில் போய் உட்கார வேண்டும். நாலரை மணிக்கு என் கைகளைப் பார்த்தால் முழங்கை வரை கரி. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்புப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தும் நகக்கண்ணில் ஏறிய கறுப்பு இறங்கவில்லை. கோயில் வாசலில் நின்ற பாட்டி ஒருவர் பார்த்துவிட்டு, “சாமி, அடுப்பங்கரையிலயா நின்னிய?” என்று கேட்டார். “இல்லை பாட்டி, ஆம்னிக்கு அடியில் படுத்துக் கிடந்தேன்” என்றேன். அவர் நம்பவில்லை. அந்தக் கரியின் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் பங்கு முத்துக்குளித்துறைக் கடற்கரையில் இருக்கிறது. பங்குக்கென்று ஒரு பழைய மாருதி ஆம்னி வேன் உண்டு. பாடகர் குழுப் பிள்ளைகளை ஏற்றுவது அதில்தான். நோயாளிகளைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், அசனத்துக்கு அரிசி மூடை ஏற்றி வருவதும் அதில்தான். சில மாதங்களாக அதன் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. “மூணு தெருவுக்கு முன்னாலயே சாமி வர்றது தெரிஞ்சிருது” என்று இளைஞர்கள் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். சைலன்சரில் ஓட்டை விழுந்திருக்கும், திருவிழா முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த ஆண்டுதான் கோயிலுக்குப் புது ஒலிபெருக்கிப் பெட்டிகள் வாங்கினோம். அதற்குப் பணம் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், ஏறும்போது கூச்சல் போடுகிறவர்கள் திரும்பி வரும்போது ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து உறங்கிப்போவார்கள். ஒரு சிறுமி தவறாமல் வாந்தி எடுப்பாள். கையில் எலுமிச்சம்பழம் கொடுத்து மோந்துகொண்டே வரச் சொல்வோம். ‘எவ்வளவு அடக்கமான பிள்ளைகள்’ என்று ஒருமுறை பெற்றோரிடம் நான் பாராட்டிக்கூடப் பேசியிருக்கிறேன்.

ஒருநாள் பக்கத்து ஊரில் ஓர் அடக்கத்துக்குப் போனோம். அரசுப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் பின்னால் ஏறியிருந்தார். பூசைக்கு அவ்வளவாக வருகிறவர் அல்ல, ஆனால் அடக்கம் என்றால் தவறமாட்டார். பாதி வழியில் என் தோளைத் தட்டினார். “சாமி, வண்டிய ஓரமா நிறுத்துங்க.” நிறுத்தினேன். பின்னிருக்கைக்குக் கீழே கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கிக் காட்டினார். தரைத் தகரத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத் துரு தின்ற ஓட்டை. அதன் ஓரமெல்லாம் கரி. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால், அந்த ஓட்டைக்கு நேர் கீழே குழாயும் சைலன்சரும் சேருகிற இடம் பிய்ந்து தொங்குகிறது.

“முன்னால கண்ணாடிய இறக்கிவிட்டு ஓட்டுதவங்களுக்கு இது தெரியாது சாமி. பின்னால இருக்கவங்கதான் குடிக்காங்க” என்றார்.

பெட்ரோல் முழுமையாக எரியாதபோது உண்டாகிற வாயு கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். பிறகு உறக்கம். அளவு கூடினால் அந்த உறக்கத்திலிருந்து எழுந்திருக்க முடியாது. பயணக் களைப்பு, வெயில், பித்தம் என்று நாம் எதையாவது சொல்லிக்கொள்கிறோம். நான் வைத்த பெயர், அடக்கமான பிள்ளைகள்.

பின்கதவைக் கயிற்றால் கட்டித் திறந்தபடியே நாற்காலிகளை ஏற்றிக்கொண்டும் போயிருக்கிறேன். ஓடுகிற வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், புகை வெளியே போவதற்குப் பதில் அந்த வழியாக உள்ளே இழுக்கப்படும் என்று அண்ணாச்சி சொல்லித்தான் தெரியும். இத்தனைக்கும் வண்டிக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருந்தது. அந்தச் சோதனையில் கருவியைக் குழாயின் வால் முனையில்தான் செருகுகிறார்கள். நடுவழியில் கசிவது யார் கணக்கிலும் வராது.

திருப்பலியின் தொடக்கத்தில் பாவங்களை அறிக்கையிடும்போது, சிந்தனை, சொல், செயல் என்பவற்றோடு நாலாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறோம். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது. குருமடத்தில் இதைப் பற்றித் தேர்வே எழுதியிருக்கிறேன். 25 ஆண்டுகளாக நெஞ்சில் தட்டிக்கொண்டு சொல்லியும் வருகிறேன். அந்த நாலாவது பாவத்துக்கு எவ்வளவு அகலம் என்று அன்று சாலையோரத்தில்தான் பார்த்தேன். ஐந்து ரூபாய்க் காசு.

அன்றே வண்டியைக் கோயில் வளாகத்தில் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டோம். அண்ணாச்சியிடம் கூலி தருகிறேன், மாற்றித் தாருங்கள் என்றேன். “கூலி வேண்டாம். எனக்கு முட்டுவலி, கீழ படுக்க முடியாது. நீங்க படுத்தா நான் சொல்லுதேன்” என்றார். அப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது.

உதிரிபாகம் வாங்கப் போன ஒரு கடையில் ஒரு யோசனை சொன்னார்கள். குழாயின் நடுவில் புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லப் பூசியிருக்கும். அந்த நச்சு வாயுவைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுவது அதுதான். “அதைக் கழற்றி எங்ககிட்ட கொடுத்துட்டு வெறும் குழாய் போட்டுக்கோங்க. செலவும் கம்மி, கையில காசும் கிடைக்கும். யாரு குனிஞ்சு பாக்கப் போறா?” என்றார் கடைக்காரர். பங்குக் கணக்கைத் தினமும் பார்க்கிறவன் என்ற முறையில் ஒரு நிமிடம் எனக்கும் சபலம் தட்டியது என்பதை மறைக்கவில்லை. அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் கடையைவிட்டு இறங்கி நடந்தார். நானும் பின்னாலேயே இறங்கிவிட்டேன். கன்வெர்ட்டர் நல்ல நிலையில்தான் இருந்தது. அதற்குப் பின்னால் இருக்கும் குழாய், சைலன்சர், கேஸ்கெட், தொங்கவிடும் ரப்பர்கள் ஆகியவற்றை மட்டும் வேறு கடையில் வாங்கினோம்.

முதல் நாள் மாலையே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டோம். மறுநாள் காலை, இஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஜாக்கியால் தூக்கினோம். நான் செங்கல் அடுக்கி முட்டுக்கொடுக்கப் போனேன். அண்ணாச்சிக்கு வந்ததே கோபம். செங்கல் பாரம் தாங்குவதுபோலவே இருந்து, சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடுமாம். ஜாக்கியை மட்டும் நம்பியும் யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. தெரிந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரும்பு ஸ்டாண்டுகள் இரவல் வாங்கி வந்த பிறகுதான் என்னைக் கீழே விட்டார். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளவும் சொன்னார். போட்டது நல்லதாயிற்று. துரு மழையாகக் கொட்டியது.

இரண்டு போல்ட்டுகள் சுழன்று வந்தன. மூன்றாவது ஒடிந்தது. மிச்சத்தை ரம்பத்தால் அறுத்து எடுக்கவே ஒரு மணி நேரம். பழைய சைலன்சரைச் சாய்த்ததும் செந்நிறத் தண்ணீர் என் சட்டையில் கொட்டியது. “கடல்காத்துதான் தின்னுருச்சு, இல்லையா?” என்றேன். பாதிதான் சரியாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வருகிறது. நீண்ட தூரம் ஓடினால் சைலன்சர் சூடாகி அது போய்விடும். கிளைப்பங்குக்கு இரண்டு கிலோமீட்டர், மளிகைக் கடைக்கு ஒரு கிலோமீட்டர் என்று ஓட்டினால் உள்ளேயே தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பூசிய வண்ணம் அப்படியே பளபளப்பாக இருந்தது.

புதுக் குழாயை மாட்டியதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. முதல் மூட்டை முழுப் பலத்தோடு இறுக்கினேன். கடைசியில் பார்த்தால் வால் குழாய் கோணிக்கொண்டு வண்டித் தகரத்தில் உரசுகிறது. “தலையிலயே இறுக்கிட்டா வாலு வளையாது சாமி. எல்லாத்தையும் விரலால மட்டும் மாட்டி, தொங்கவிட்டு, நேரா நிக்குதான்னு பாத்துட்டு, முன்னாலருந்து இறுக்கிட்டு வரணும்” என்றார். கழற்றினேன். நசுங்கிய கேஸ்கெட்டைத் திரும்பவும் போடக் கூடாது என்பதால், கடைக்கு மறுபடி ஓர் ஆளை அனுப்ப வேண்டியதாயிற்று. பவுல் அடிகளார் கூடாரத் தொழில் செய்து பிழைத்தார் என்று எத்தனையோ மறையுரைகளில் சொல்லியிருக்கிறேன். கோணலாகத் தைத்ததைப் பிரித்து அவரும் மறுபடி தைத்திருப்பார் என்ற நினைப்பு அன்றுதான் வந்தது.

வெல்டரை வரவழைத்துத் தரை ஓட்டைக்குத் தகடு வைத்தோம். அதைச் செய்யாமல் புதுக் குழாய் மட்டும் போட்டால் பாதி வேலைதான். பிறகு திறந்தவெளியில் வண்டியை ஸ்டார்ட் செய்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை. கார் ஷெட்டுக்குள் கதவை மூடிக்கொண்டு இந்தச் சோதனையை யாரும் செய்துவிடாதீர்கள், அது உயிருக்கு ஆபத்து. புதுக் குழாயில் பூசியிருந்த எண்ணெய் கொஞ்ச நேரம் புகைந்தது, பிறகு நின்றது. சூட்டில் விரிந்து சுருங்கியபின் நட்டு தளரும் என்பதால், மூன்று நாள் கழித்து ஆறிய வண்டிக்கு அடியில் இன்னொரு முறை படுத்தேன்.

அந்தச் சிறுமியின் தாயிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரிடமும் சொன்னேன். சிலர், “பரவாயில்லை சாமி, ஒண்ணும் ஆகலையே” என்றார்கள். ஒரு தந்தை எதுவும் சொல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்து, பக்கத்துப் பங்கில் பாட்டுப் போட்டி. பழக்கதோஷத்தில் யாரோ அந்தச் சிறுமியின் கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து ஏற்றிவிட்டார்கள். திரும்பி வரும்போது இரவு எட்டு மணி. ஒரு பிள்ளையும் உறங்கவில்லை. பரிசு கிடைக்காத கோபத்தில் நடுவர்களைத் திட்டினார்கள், போட்டிப் பாடலை வேண்டுமென்றே தப்பும் தவறுமாகப் பாடினார்கள், ஒருவரையொருவர் கிள்ளினார்கள். எலுமிச்சம்பழம் பந்தாகிப் பின்னிருக்கையில் பறந்து, கடைசியில் என் பிடரியில் வந்து விழுந்தது.