வேலியை விசாரித்த பேராசிரியர்



கல்லூரிப் படிப்பை முடிக்காதவன் நான். எனினும் இன்று ஒரு கல்லூரிப் பேராசிரியரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "பேராசிரியர்களால் ஆவதென்ன? வகுப்பிலே பேசுவர், வீட்டிலே எழுதுவர், வயதானால் ஒதுங்குவர்" என்பார் உளர். அவர்கட்கு விடையாக விளங்குபவர் ஹெர்ஷ் லாட்டர்பாக்ட்!

1897இல், இன்றைய உக்ரைனில் உள்ள ஷோவ்க்வா என்ற சிற்றூரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். லிவிவ் நகரில் சட்டம் பயின்றார். யூத வெறுப்பு குறுக்கே நின்றது; இறுதித் தேர்வெழுத வழியில்லை. வியன்னா சென்றார், பட்டம் பெற்றார். 1923இல் இங்கிலாந்து சேர்ந்தார். இலண்டனில் ஆசிரியரானார், 1938இல் கேம்பிரிட்ஜில் பன்னாட்டுச் சட்டப் பேராசிரியரானார்.

அவர் பயின்ற சட்டம் என்ன சொல்லிற்று? நாட்டுக்கும் நாட்டுக்கும் வழக்கென்றால் வா. ஓர் அரசு தன் குடிகளையே வதைத்தால் வாய் திறவாதே என்றது! வேலியே பயிரை மேயும், "என் பயிர், கேட்க நீ யார்?" என்று வேலியே வாதாடும், சட்டம் தலையாட்டும்!

ஆட்டாதே தலையை என்றார் லாட்டர்பாக்ட். அரசுக்காக மனிதன் அல்லன், மனிதனுக்காகவே அரசு. அவன் உரிமையை உலகச் சட்டமே காக்கவேண்டும் என்று வாதிட்டு, 1945இல் நூலொன்றை வெளியிட்டார்.

அதே ஆண்டு சூலையில், நாஜித் தலைவர்கள் மீது வழக்குத் தொடுக்கவிருந்த அமெரிக்கர் இராபர்ட் ஜாக்சன், அவர் இல்லம் தேடி வந்தார். குடிமக்களைக் கொன்ற கொடுமைக்கு என்ன பெயரிடுவது? 'மானுடத்துக்கு எதிரான குற்றம்' என்று யோசனை கூறினார் பேராசிரியர். 1915இல் ஆர்மீனியர் படுகொலையைக் கண்டித்த அறிக்கையிலேயே இருந்த தொடர்தான். ஆனால் ஆகஸ்ட் 8இல் அது சட்டமாயிற்று!

நவம்பரில் நூரம்பெர்க் நீதிமன்றம் கூடிற்று. பிரிட்டிஷ் வழக்கறிஞர் குழுவோடு அமர்ந்திருந்தார் லாட்டர்பாக்ட். எதிரே குற்றவாளிக் கூண்டில் ஹான்ஸ் பிராங்க்! லிவிவ் நகர் அவன் ஆட்சியின் கீழிருந்தபோதுதான் பேராசிரியரின் பெற்றோரும் உடன்பிறந்தாரும் அழிக்கப்பட்டனர். எஞ்சியவள் சகோதரியின் மகள் ஒருத்தியே.

கத்தி எடுத்தாரா? இல்லை. பேனா எடுத்தார். அரசு என்னும் போர்வைக்குள் ஒளிந்தாலும் குற்றம் செய்தவன் தனிமனிதனே, தண்டனையும் அவனுக்கே என்ற வாதத்தை, பிரிட்டிஷ் தலைமை வழக்கறிஞருக்காக எழுதித் தந்தார். 1946 அக்டோபரில் பிராங்க் தூக்கிலிடப்பட்டான்.

வெற்றி முழுமையா? அன்று. போரோடு தொடர்புடைய கொடுமைகளையே அம்மன்றம் விசாரித்தது. போருக்கு முன் செர்மனி தன் யூதக் குடிகளுக்கு இழைத்தவை தப்பின. 1948இல் உலக மனித உரிமைப் பிரகடனம் வந்தபோதும், "கட்டுப்படுத்தும் வலிமை எங்கே?" என்று கேட்டவர் அவர். 1955இல் உலக நீதிமன்ற நீதிபதியாகி, 1960இல் மறைந்தார்.

2002இல் செயலுக்கு வந்த பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் சட்டத்தில் அவர் தந்த பெயர் நிற்கிறது. அதிலே சேராத பெரிய நாடுகளும் பல, இந்தியாவும் சேரவில்லை.

தோழர்களே! "எங்கள் உள்விவகாரம்" என்று எந்த ஆட்சி கூறினாலும், அந்த உள்ளே இருப்பவர் மனிதர் என்பதை மறவாதீர்! படியுங்கள், கேளுங்கள், வேலியையும் விசாரியுங்கள்!