ஒன்பது படியும் மூன்று படியும்

கொலு என்னும் சொல்லுக்கு அரசர் அவையில் வீற்றிருத்தல் என்பது பொருள். புரட்டாசி அமாவாசை கழிந்ததும் நம்மவர் இல்லங்களில் மண்ணாலும் மரத்தாலும் ஆகிய ஓர் அரசவை கூடுகின்றது. ஒன்பது இரவுகள் வீற்றிருந்து, விசயதசமியோடு கலைகின்றது. இந்த அவையைக் கூட்டும் முறையை நம் அன்னையர் நமக்குக் கற்பித்துள்ளனர். அதனைக் குறைக்கும் முறையை எவரும் கற்பிக்கவில்லை. ஆண்டுதோறும் ஒரு புதிய பொம்மையேனும் சேர்த்தல் வேண்டும் என்பது வழக்கம். ஒன்றைக் கழித்தல் வேண்டும் என்று ஒரு வழக்கமும் இல்லை. அவ்வாறாயின், வீடு சிறுத்துப் போகும்போது என் செய்வது? பணியின் பொருட்டு ஊர் விட்டு ஊர் பெயரும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஒருநாள் இல்லாவிடினும் ஒருநாள் எதிர்கொள்ள வேண்டிய வினா இது. எங்களுக்கு அது கொல்கத்தாவின் கரியாஹாட்டில் நேர்ந்தது.

கரியாஹாட் நாற்சந்தியை அறியாத கொல்கத்தாத் தமிழர் இலர். நடைபாதை நெடுகிலும் சேலைக் கடைகள். அங்காடியில் மீனும் மலரும். மேற்கே ராஷ்பிஹாரி நெடுஞ்சாலை வழியே சென்றால் வாழையிலையும் காப்பிப்பொடியும் கிடைக்கும் லேக் மார்க்கெட். அந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்ந்து வருகின்றனர். நாங்களும் அங்கே ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் நெடுநாள் குடியிருந்தோம். உயர்ந்த கூரை, அகன்ற கூடம், சாமான்கள் வைக்கப் பரண், மாடிப்படியின் கீழ் ஓர் இருட்டறை, இத்தனையும் இருந்தன. அவ்வீடு இடிக்கப்பட்டு அடுக்குமாடியாக எழவிருக்கின்றது என்ற செய்தி வந்தபோது, இரண்டு தெருக்களுக்கு அப்பால் இரண்டு அறைகள் கொண்ட ஒரு குடியிருப்பை அமர்த்திக்கொண்டோம். அதன் கூடம் பத்தடிக்குப் பதினோரடி. பரண் இல்லை.

படி ஒன்றுக்குப் பத்து அங்குலம் என்று கொண்டாலும் ஒன்பது படிகளுக்கு ஏழரை அடி வேண்டும். பத்தடிக் கூடத்தில் ஏழரை அடியைக் கொலுவுக்கு அளித்துவிட்டால், பார்க்க வருபவர் வாசலில்தான் நிற்க வேண்டும். ஆகவே மூன்று படிகள் என்று முடிவு செய்தோம். கணக்கு எளிதாகத் தீர்ந்தது; எங்கள் தாயாரின் மனம் அத்துணை எளிதில் தீரவில்லை. அவருக்கு அகவை எண்பதைத் தாண்டிவிட்டது. பொம்மைகளை எண்ணிப் பார்த்தபோது 214 இருந்தன. அதுவரை அவற்றை எவரும் எண்ணியதில்லை. எண்ணுவதே தவறு என்று அவர் கருதினார். குழந்தைகளையும் பொம்மைகளையும் எண்ணலாகாது என்று சொல்லி, அன்று மாலை முழுதும் எங்களோடு பேசவில்லை.

எங்கள் முதற்பிழை, பொம்மைகளை அளவாலும் அழகாலும் பிரித்தது. பெரியனவும் நிறம் மங்கியனவும் ஒருபுறம்; சிறியனவும் பளபளப்பானவையும் மறுபுறம். இரண்டாம் பிழை, கழிக்க வேண்டியவற்றைப் பெட்டியிலிட்டு மாடிப்படியின் கீழ்த் தரையிலேயே வைத்தது. ஆவணி மாதத்து ஓரிரவு பெருமழை பெய்து, தெருவில் நின்ற நீர் இருட்டறைக்குள் புகுந்தது. காலையில் பெட்டியைத் திறந்தால், கடை விரித்து அமர்ந்திருந்த செட்டியார் இல்லை. மஞ்சளும் சிவப்பும் கலந்த ஒரு களிமண் உருண்டையே இருந்தது. சூளையில் சுடாத மண் பொம்மை அது. எங்கள் பாட்டியார் வாங்கியது.

தாயார் கண் கலங்கினார். அப்போது மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார், நாங்கள் மாஷிமா என்று அழைக்கும் வங்காள மூதாட்டியார். மண் உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, நாங்கள் ஆண்டுதோறும் அம்மாவையே ஆற்றில் விட்டுவிட்டு வருகிறோமே!” என்றார். அதில் கேலி இல்லை, ஆறுதலே இருந்தது. தாயார் மறுமொழி கூறவில்லை. அந்த மண்ணைத் துளசித் தொட்டியில் சேர்த்தார்.

மாஷிமாவின் சொல்லை நாங்கள் பலநாள் எண்ணிப் பார்த்தோம். நாம் கொலு வைக்கும் அதே நாட்களில்தான் வங்காளத்தில் துர்க்கா பூசை. வடகொல்கத்தாவின் குமார்துலியில் மூங்கிலும் வைக்கோலும் கட்டி, அதன்மேல் ஆற்றுக் களிமண் பூசி, மாதக் கணக்கில் உழைத்து அன்னையின் திருவுருவை அமைக்கின்றனர். கரியாஹாட்டை ஒட்டிய ஏக்டாலியாவிலும் சிங்கி பார்க்கிலும் அவ்வுருவைக் காண நள்ளிரவு கடந்தும் கூட்டம் அலைமோதும். 2021 ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் கொல்கத்தாவின் துர்க்கா பூசையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இத்துணைச் சிறப்புடைய வடிவத்தைத் தசமி வந்ததும் நீரில் கரைக்கின்றனர். “ஆஷ்சே பொச்சொர் ஆபார் ஹொபே” என்று முழங்குகின்றனர்; அடுத்த ஆண்டும் மீண்டும் நிகழும் என்பது அதன் பொருள். அதே தசமி இரவில், தமிழர் இல்லத்தில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, அவையை உறங்கச் செய்து, மறுநாள் பெட்டியில் அடுக்குகின்றோம்.

ஒரே இரவில் ஒரு வீட்டார் விடைகொடுக்கின்றனர். அடுத்த வீட்டார் காத்து வைக்கின்றனர். இரண்டிலும் பக்தி குறைவில்லை. வங்காளியர் வடிவத்தைக் கலைஞன் கையில் காக்கின்றனர். நாம் அதனைப் பொருளிலேயே காக்கின்றோம். எனவே விடைகொடுத்தல் அவமதிப்பு ஆகாது என்பதை நாங்கள் உணர்ந்தோம். பெயரின்றி, வரலாறின்றி, போகுமிடமின்றி ஒரு பொம்மையைத் தள்ளிவிடுவதே அவமதிப்பு. அதன்பின் வேலையை முதலிலிருந்து தொடங்கினோம்.

முதலில் ஒரு குறிப்பேடு வாங்கினோம். ஒவ்வொரு பொம்மையையும் தாயார் முன் வைத்து, எங்கே வாங்கியது, எந்த ஆண்டு, யார் கொடுத்தது என்று கேட்டு எழுதினோம். பண்ருட்டியிலிருந்து வந்தவை இவை. மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியில் செய்தவை இவை. தந்தையார் ஆந்திரத்தில் பணியாற்றியபோது வாங்கிய கொண்டபள்ளி மரப்பொம்மைகள் இவை. மைசூர்ச் சீமையின் சன்னபட்டணத்து அரக்குப் பொம்மைகள் இவை. மாற்றல் உத்தரவுகளின் வரலாறே படிப்படியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டோம். புதுதில்லியில் 1965 இல் திறக்கப்பெற்ற சங்கரின் பன்னாட்டுப் பொம்மைக் காட்சிச்சாலை, கேலிச்சித்திரக்காரர் சங்கர் பிள்ளைக்கு ஹங்கேரி நாட்டுத் தூதர் அளித்த ஒரே பொம்மையிலிருந்து வளர்ந்தது என்பர். அங்கும் எந்த நாட்டுப் பொம்மை என்று எழுதி வைத்திருப்பதால்தான் பார்ப்பவருக்குப் பொருள் விளங்குகின்றது. வீட்டுக் கொலுவுக்கும் அது பொருந்தும். எழுதி முடித்தபின் தாயாரின் பிடிவாதம் பாதி தளர்ந்தது. தாம் மறைந்தால் இவற்றின் கதையும் மறையும் என்பதே அவருடைய அச்சம். பொம்மைகள் போய்விடுமே என்பது அதற்கு அடுத்ததுதான்.

அடுத்து, எவற்றை வைத்துக்கொள்வது? கலசமும் மரப்பாச்சி இணையும் இல்லாமல் கொலு இல்லை. தாயாரின் திருமணத்தின்போது அவர் பெற்றோர் அளித்த மரப்பாச்சிகள் முதலிடம் பெற்றன. பிறகு, குறிப்பேட்டில் நீண்ட கதை உடையவை. நிறம் மங்கிய பல பொம்மைகள் இப்போது உள்ளே வந்தன. பளபளப்பான பல வெளியே சென்றன. பிள்ளையார் மட்டும் பதினேழு பேர் இருந்தனர். மூவரை வைத்துக்கொண்டோம்.

தொகுதிகளைப் பிரிக்கலாகாது என்பது மற்றொரு விதி. தசாவதாரம் பத்தும் ஒருவருக்கே செல்ல வேண்டும். அட்டலட்சுமி எட்டும் ஒருவருக்கே. திருமண ஊர்வலத்தில் நாதசுவரக்காரர் ஓரில்லத்திலும் மணமகன் மற்றோரில்லத்திலும் இருத்தல் முறையன்று. பெறுபவரையும் ஆராய்ந்தோம். அழகுக்காக அலமாரியில் வைப்பவரைக் காட்டிலும் படியில் ஏற்றுபவருக்கே முதலுரிமை. அண்மையில் மாற்றலாகி வந்து பொம்மைகள் இல்லாதிருந்த இளங்குடும்பங்கள் மூன்றை அறிந்திருந்தோம். ஒவ்வொரு பொம்மையோடும் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து உடன் வைத்துக் கொடுத்தோம்.

உடைந்தவற்றில் சுடாத மண் பொம்மைகளை மட்டும், வண்ணத்தைச் சுரண்டியபின், செடித் தொட்டியில் கரைத்தோம். வெண்சாந்துப் பொம்மைகள் நீரில் எளிதில் கரைவதில்லை. அவற்றின் வண்ணமும் நீருக்குத் தீங்கு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010 இல் வகுத்து 2020 இல் திருத்திய சிலை கரைப்பு நெறிமுறைகள் இதனை வலியுறுத்துகின்றன. ஆகவே அவற்றை ஏரியிலோ ஆற்றிலோ இடலாகாது. மரத்தடியில் கிடத்திவிட்டு வருவதும் நன்றன்று. ஒட்டக்கூடியவற்றை ஒட்டி வண்ணம் தீட்டினோம். ஒட்ட இயலாதவற்றைத் துணியில் சுற்றி, வணங்கி, குப்பை அகற்றும் ஊழியரிடம் நேரில் ஒப்படைத்தோம்.

இடமற்ற வீட்டில் காத்து வைப்பதற்கும் ஒரு வழி உண்டு. நம் பாட்டியார் காலத்தில் இரும்புப் படிகள் ஏது? டிரங்குப் பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை இட்டு, வெள்ளை வேட்டி விரித்தனர். பொம்மைகளைத் தாங்கிய பெட்டியே அவற்றுக்குப் படியும் ஆயிற்று. நாங்களும் இரும்புப் படிகளைக் கொடுத்துவிட்டு, உயரம் வேறுபட்ட மூன்று பெட்டிகளை வைத்துக்கொண்டோம். ஆண்டின் மற்ற நாட்களில் அவை கட்டிலின் கீழ், தரையில் படாதபடி செங்கல்லின்மேல் இருக்கும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, நைந்த பருத்தித் துணியில் சுற்றுதல் நலம். செய்தித்தாளின் மை வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கனமானவை அடியிலும் காகிதக்கூழ்ப் பொம்மைகள் மேலும் இருத்தல் வேண்டும். கிழக்கிந்திய மழைக்காலம் நீண்டது. ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை ஒவ்வொரு பெட்டியிலும் இடுவது இன்றியமையாதது. பெட்டியின் மூடியில் உள்ளிருப்பவற்றின் பட்டியலை ஒட்டிவிட்டால், ஒன்றைத் தேட எல்லாவற்றையும் கலைக்க வேண்டியதில்லை.

புதிய வீட்டின் முதல் நவராத்திரியில் 46 பொம்மைகள் மூன்று படிகளில் அமர்ந்தன. மாஷிமா ஒரு மர ஆந்தையைக் கொண்டு வந்தார். பர்தமான் பகுதியின் நதுன்கிராமத்தில் செய்யப்படுவது. வங்காளத்தில் ஆந்தை இலக்குமியின் ஊர்தி. பண்ருட்டி இலக்குமியின் அருகில் அதனை வைத்தோம். அவ்வாண்டின் புதிய பொம்மை அதுவே. ஒன்று வந்ததால் ஒன்று செல்ல வேண்டும் என்று தாயாரே நினைவூட்டி, மூன்று பிள்ளையாரில் ஒருவரை எடுத்துத் தந்தார்.

ஐந்தாம் நாள் மாலை, எங்கள் தசாவதாரத்தைப் பெற்ற குடும்பத்தார் வெற்றிலை பாக்குக்கு அழைத்தனர். தாயாரைக் கைபிடித்து அழைத்துச் சென்றோம். பத்து அவதாரங்களும் அங்கே நடுப்படியில் வரிசையாக நின்றன. அவ்வீட்டுச் சிறுமி ஒவ்வொன்றையும் சுட்டி, யார், எந்த ஊரில் செய்தது, எந்த ஆண்டு வாங்கியது என்று எங்கள் குறிப்பேட்டில் உள்ளபடியே சொன்னாள். ஓரிடத்தில் ஊரை மாற்றிச் சொன்னாள். தாயார் திருத்தினார், பிறகு அவளைத் தம் அருகில் அமர்த்திக்கொண்டு, குறிப்பேட்டில் நாங்கள் எழுதாமல் விட்ட செய்திகளையும் சொல்லத் தொடங்கினார். சுண்டல் ஆறிப்போகும் வரை அவர் எழவில்லை.

நேயர்களே, உங்கள் வீடும் ஒருநாள் சிறுக்கலாம். அப்போது பொம்மைகளை எண்ணுவதற்கு முன் அவற்றின் கதையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்; கதையை அறிந்தவர் நம்முடன் இருக்கும்போதே அதனைச் செய்யுங்கள். பிறகு எதனை வைப்பது, எதனைக் கொடுப்பது என்பது தானே விளங்கும்.