சி.டி.4: எண்ணிக்கை இறங்குமுன்



பிங்கா ஓயா ஆறு பெருகும்போது, கண்டிக்குப் பக்கத்து அக்குறணை டவுனில் முதலில் வேண்டியது, ஊருக்கே கேட்கும்படி ஓர் அறிவித்தல். அது கிடைத்தால்தான் கடைக்காரர் சாமான்களை மேலே ஏற்றுவார், இளைஞர்கள் உதவிக்கு ஓடுவார்கள். நம் இரத்தத்தில் அந்த அறிவித்தலைக் கொடுப்பவை உதவி டி கலங்கள். கிருமி புகுந்ததும் மற்ற எதிர்ப்புக் கலங்களை எழுப்பிவிடுபவை இவையே. இவற்றின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதத்தின் பெயர் சி.டி.4.

எச்.ஐ.வி. வைரஸ் பற்றிப்பிடிப்பது இந்தப் புரதத்தைத்தான். 1984இல் லண்டனிலும் பாரிஸிலும் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். வைரஸ் அதைப் பற்றி, உள்ளே புகுந்து, பெருகி, கடைசியில் அந்தக் கலத்தையே அழிக்கிறது. சுகதேகியின் ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் இக்கலங்கள் ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருக்கும். 200க்குக் கீழே இறங்கினால், சாதாரணமாக நம்மை அண்டாத ஒருவகை நியூமோனியா கூட உயிருக்கு உலை வைக்கும்.

எனக்குப் பயம் தருவது, இந்த இறக்கம் வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் நடப்பதுதான். தொற்றுள்ளவர் வியாபாரம் செய்வார், வெளிநாடு போய்வருவார், நோயாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

முன்பெல்லாம் எண்ணிக்கை குறையும்வரை பார்த்திருந்துதான் மருந்து தொடங்கினார்கள். 2015இல் உலக சுகாதார நிறுவனம் அதை மாற்றியது: தொற்று உறுதியானால், எண்ணிக்கை எதுவானாலும் மருந்து. ஒழுங்காகக் குளிசை எடுத்து, பரிசோதனையில் வைரஸ் தென்படாத நிலையைத் தக்கவைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் அது பிறருக்குத் தொற்றாது.

இலங்கையர் ஒருவரிடம் இத்தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1987இல். 2019இல், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் நமக்குத் தந்தது. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்ததால் கிடைத்த பெருமை அது. அவர்களுடைய கணவன்மாரில் எத்தனை பேர் இரத்தம் கொடுத்திருப்பார்கள்?

பரிசோதனைக்குப் போனால் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற கூச்சம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் அரசாங்கத்தின் பாலியல் நோய் சிகிச்சை நிலையம் கண்டியிலும் இருக்கிறது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். வைத்தியரின் கடிதம் தேவையில்லை. உங்கள் விபரம் இரகசியமாகவே இருக்கும். அக்குறணையிலிருந்து மாத்தளை வீதியில் பஸ் ஏறினால் போய்விடலாம்.