மாதவிடாயும் முகப்பருவும்

(எமது கல்லூரியின் நூற்றாண்டை முன்னிட்டுப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய சுகாதாரக் கருத்தரங்கில், வைத்தியத் துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் சிலர் இணைந்து வழங்கிய உரை)



நூற்றாண்டு விழாவிலே முகப்பருவைப் பற்றிப் பேசுவதா என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். நாங்கள் விரும்பியே இத்தலைப்பை எடுத்தோம். நாம் படித்த காலத்தில் மாதவிடாயைப் பற்றித் தாயும் மகளும்கூட வாய்விட்டுப் பேசுவது குறைவு. முகத்தில் பரு வந்தால், "கலியாணம் கட்டினால் மாறிவிடும்" என்பதே வைத்தியமாக இருந்தது. இன்று எங்கள் பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசி நிறைய ஆலோசனை கிடைக்கிறது. ஆனால் வகுப்புப் படம் எடுக்கும் நாளில் பின்வரிசைக்குப் போய் ஒளிந்து நிற்கும் பிள்ளை இன்றும் இருக்கிறாள். அவளுக்காகவும், நாற்பது வயதிலும் நாடியில் பரு வருகிறதே என்று கவலைப்படும் எங்களுக்காகவும் இந்த உரை.

முதலில் உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். சருமத்தின் மயிர்த்துளைகளோடு எண்ணெய்ச் சுரப்பிகள் இணைந்திருக்கின்றன. அவற்றைத் தூண்டுவது அந்திரோஜன் என்ற வகை ஓமோன். ஆண்களுக்குரியது என்று சொல்லப்பட்டாலும், எல்லாப் பெண்களின் உடலிலும் அது சிறிதளவு உண்டு. இரத்தப்போக்குத் தொடங்கும் நாளை முதல் நாளாகக் கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரங்களில் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாகக் கூடுகிறது. பலருக்கு முகம் தெளிவாக இருப்பது அதன் பிற்பகுதியில்தான். சூலகத்திலிருந்து முட்டை வெளியேறிய பின் புரோஜெஸ்டரோன் கூடுகிறது. அடுத்த மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் இவை இரண்டும் இறங்கிவிட, அந்திரோஜனின் கை ஓங்குகிறது. எண்ணெய் கூடி, துளை அடைபட்டு, அதற்குள் பற்றீரியா பெருகி, சருமம் சிவந்து வீங்குகிறது. நாடியிலும் தாடையோரத்திலும் அமுக்கினால் நோகும் பருக்கள் வருவது இப்படித்தான்.

இது உங்களில் ஒருவருக்கு மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் 400 பெண்களிடம் நடத்தி 2001இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், 44 சதவீதமானோர் மாதவிடாய்க்கு முன் பரு கூடுவதாகச் சொன்னார்கள். 33 வயதைக் கடந்தவர்களிடம் அந்த வீதம் இன்னும் கூடுதலாக இருந்தது. ஆகவே பரு என்பது பள்ளிப்பருவத்தோடு முடிந்துவிடும் விடயமும் அன்று; முகத்தை ஒழுங்காகக் கழுவாததால் வருவதும் அன்று.

இனி நாங்கள் சொல்ல வந்த முக்கியமான செய்தி. பரு வெளியே தெரிவது மாதவிடாய்க்கு முந்திய வாரத்தில். ஆனால் அது உருவாகத் தொடங்குவது அந்த வாரத்தில் அன்று. அடைபட்ட துளை கண்ணுக்குத் தெரியாமல் பல வாரங்கள், சில வேளை 8 வாரங்கள்கூட, தோலுக்குள் இருக்கும். இந்த மாதம் நாம் கண்ணாடியில் காணும் பருவின் விதை போன மாதமோ அதற்கு முந்திய மாதமோ விழுந்தது. எனவே பரு வந்த பிறகு அதன் மேல் மட்டும் எதையாவது பூசுவது, வெள்ளம் வந்த பின் அணை கட்டுவது போன்றது. மாதம் முழுவதும் ஒரே சீரான, எளிமையான பராமரிப்பே பலன் தரும். அதற்கு 8 முதல் 12 வாரங்கள் தேவை. அதாவது இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுற்றுகள். எங்களிடம் வருபவர்களிற் பலர் மூன்றாம் வாரத்திலேயே "இது சரிவராது" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

அந்த எளிமையான பராமரிப்பு என்ன? காலையும் இரவும் மென்மையான கழுவும் திரவத்தால் முகத்தைக் கழுவுங்கள். கடும் சவர்க்காரமும், தும்பாலோ துணியாலோ தேய்ப்பதும் வேண்டாம். பிறகு எண்ணெய் சேராத ஈரப்பதக் கிறீம். யாழ்ப்பாணத்து வெயிலில் அது மெல்லியதாக இருக்கட்டும். ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் பனிக்காலத்தில் வீட்டுச் சூடாக்கி சருமத்தை உலர்த்துவதால் சற்றுத் தடிப்பானது வேண்டும். பகலில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிறீன். எங்கள் நிறச் சருமத்தில் பரு மாறினாலும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெயில் அதை மேலும் கறுப்பாக்கும்.

மருந்து என்று பார்த்தால், பென்சோயில் பெரொக்சைட் பற்றீரியாவைக் குறைக்கும். 2.5 சதவீதமே போதும். 10 சதவீதம் எரிச்சலைக் கூட்டுமேயன்றிப் பலனை அவ்வளவாகக் கூட்டாது. தலையணை உறையையும் துவாயையும் அது வெளிறச் செய்யும், கவனம். துளை அடைபடுவதைத் தடுக்க இரவில் பூசும் அடபலீன் உதவும். முழு முகத்துக்கும் ஒரு கடலை அளவு போதும். தொடக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசுங்கள். ஆனால் கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்க எண்ணுபவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு அசெலெயிக் அமிலம் பொருத்தமானது. கருந்தழும்பையும் அது குறைக்கும். எதைத் தொடங்குவதானாலும் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுத் தொடங்குங்கள்.

சுற்றின் நாட்களுக்கு ஏற்ப மாற்ற வேண்டியவை சிலவே. புதிய மருந்தொன்றைத் தொடங்க நல்ல காலம், இரத்தப்போக்கு நின்ற பின் வரும் வாரம். அப்போது சருமம் அமைதியாக இருக்கும். மூன்றாம் வாரத்தில் எண்ணெய்ப்பசை கூடினாலும் மூன்று நான்கு தடவை முகம் கழுவாதீர்கள். நான்காம் வாரத்தில் புதிதாக ஒன்றும் சேர்க்காதீர்கள்; கிள்ளாதீர்கள், பிதுக்காதீர்கள். மாதவிடாய் நாட்களில் சருமம் எரிந்தால் இரவு மருந்தை ஓரிரு நாள் விட்டுப் பிடியுங்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் வெவ்வேறு போத்தல் வாங்கச் சொல்லும் விளம்பரங்களும் இப்போது உண்டு. அது உங்கள் பணப்பையைத்தான் மெலிய வைக்கும்.

வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரில் மூன்று மாதம் இரண்டு குறி இடுங்கள்: இரத்தப்போக்குத் தொடங்கிய நாள், பரு கூடிய நாள். வைத்தியரிடம் போகும்போது அது பெரிதும் உதவும்.

கைமருந்துகளைப் பற்றி ஒரு சொல். தேசிக்காய்ச் சாறும் பற்பசையும் சருமத்தை எரிப்பவை. தலைக்கு எண்ணெய் வைப்பது எங்கள் வழக்கம். ஆனால் நெற்றியோரத்தில் வழியும் எண்ணெய் அங்கே பருவை உண்டாக்கும். தலைமுடியின் நுனிக்கு வைத்து, இரட்டைப் பின்னலைப் பின்னியபின் நெற்றியைத் துடைத்துவிட்டால் போதும். சீனி கூடிய உணவும் பானமும் சிலருக்குப் பருவைக் கூட்டலாம், குறைத்துப் பாருங்கள்.

எங்களை மிகவும் கவலைப்பட வைப்பது வேறொன்று. "ஏழு நாளில் வெள்ளை" என்று பெயரும் விபரமும் இல்லாத டப்பாக்களில் விற்கப்படும் கிறீம்கள். இத்தகையவற்றிற் சிலவற்றில் கடும் ஸ்ரீரொயிட் மருந்து கலந்திருக்கும். முதல் வாரங்களில் பரு அடங்கி முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிறு இரத்தக்குழாய்கள் தெரிந்து, நிறுத்தியதும் முன்னையிலும் மோசமாகப் பரு பொங்கும். வேறு சிலவற்றில் பாதரசம். அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். தாய் பூசினால் வீட்டிலுள்ள குழந்தைக்கும் போய்ச் சேரும். திருமணத்துக்கு முன் மகளின் முகத்துக்கு இதை வாங்கிக் கொடுக்கும் தாய்மாரைக் காண்கிறோம். அன்பினால் செய்வதுதான், ஆனால் தயவுசெய்து வேண்டாம்.

எப்போது வைத்தியரிடம் போகவேண்டும்? பரு ஆழமாகி நொந்தால், பள்ளமான தழும்பு விழுந்தால், மூன்று மாதப் பராமரிப்புக்குப் பின்னும் குறையாவிட்டால் போங்கள். இளம்பிள்ளைகளின் சுற்று ஒழுங்காவதற்குச் சில ஆண்டுகள் செல்லும். ஆனால் வளர்ந்த பெண்ணுக்குச் சுற்று 35 நாட்களைத் தாண்டித் தாண்டிப் போய், நாடியில் தடித்த மயிர் வளர்ந்து, பிடரி கறுத்து, உடல் எடையும் கூடினால், அது பொலிசிஸ்ரிக் ஓவரி என்ற நிலையாக இருக்கலாம். பிற்காலத்தில் நீரிழிவோடும் அதற்குத் தொடர்பு உண்டு. அங்கே பரு ஓர் அழகுப் பிரச்சினை அன்று. உடல் அனுப்பும் தந்தி. எமது நாட்டின் போதனா வைத்தியசாலைகளில் தோல்நோய்க் கிளினிக்குகள் இலவசமாக நடக்கின்றன. போக வெட்கப்பட வேண்டாம்.

வைத்தியர் சிலருக்குக் கருத்தடைக் குளிசையோ ஸ்பைரனொலக்ரோனோ தருவார். திருமணமாகாத பிள்ளைக்குக் கருத்தடைக் குளிசையா என்று தாய் பதறத் தேவையில்லை. இங்கே அது ஓமோனைச் சீராக்கும் மருந்து. ஆனால் ஒற்றைத் தலைவலி, இரத்தக்கட்டி, புகைப்பழக்கம் இருந்தால் முன்பே சொல்லுங்கள். ஐசோட்ரெற்றினோயின் என்ற குளிசை கடும் பருவுக்குச் சிறந்தது. கர்ப்பத்தில் எடுத்தால் குழந்தைக்குப் பெரும் ஊனம் விளைவிக்கும். ஆகவே சிகிச்சைக் காலத்திலும், அதற்கு ஒரு மாதம் முன்னும் பின்னும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. ஒருவருக்குத் தந்த குளிசையை மற்றவர் வாங்கிப் போடுவது ஆபத்து.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் ஒரு பிள்ளையைக் கண்டதும், "பிள்ளை, முகத்துக்கு என்ன நடந்தது?" என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. அக்கறையில் கேட்பதுதான். அவளோ அன்று காலை கண்ணாடியில் பார்த்து அழுதுவிட்டு வந்திருப்பாள். அதற்குப் பதில், "இந்தமுறை சோதனை எப்படி?" என்று கேளுங்கள். பரு பற்றி அவளே பேச வந்தால் உட்கார்ந்து கேளுங்கள். இன்று கேட்டதைச் சொல்லுங்கள். நூறு ஆண்டுகளாக எமது கல்லூரி பெண்பிள்ளைகளுக்குத் தலைநிமிர்ந்து நடக்கக் கற்பித்து வந்திருக்கிறது. முகத்தில் வந்த ஒரு பருவுக்காக எங்கள் பிள்ளையொருத்தி தலைகுனிந்து பின்வரிசையில் நிற்கக்கூடாது.

கல்லூரித்தாய் வாழ்க.