முகத்து நரம்பு வலி: எதைப் பூசலாம், எதைப் பூசக்கூடாது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன், வட்டி பற்றி எப்பவும் பேசுறோம். இன்னைக்கு ஒரு வலியைப் பற்றிப் பேசுவோம். நாங்கள் குழுக்களுக்குப் போகும்போது, சில அக்காமார் கன்னத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். காத்து பட்டாலும் வலி, சோறு மென்றாலும் வலி. பல் வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கியும் வலி நிற்பதில்லை.

இந்த நரம்பு வலியில் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

ஒன்று, கரண்ட் அடித்த மாதிரி சுரீரென்று வந்து சில நொடியில் போவது. முகத்து நரம்பை ரத்தக்குழாய் அழுத்துவதால் பெரும்பாலும் இது வருகிறது. இதற்குத் தைலமும் களிம்பும் பெரிதாக உதவாது. கார்பமாசெபைன் மாத்திரைதான் முதல் மருந்து. வலி நின்றதும் நாமாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது. தோலில் தடிப்பு வந்தால் உடனே டாக்டரிடம் போகணும்.

இன்னொன்று, அக்கி ஆறிய பிறகும் மாதக்கணக்கில் எரிவது. சின்னம்மைக் கிருமி நரம்பில் தங்கியிருந்து, வயசான பிறகு அக்கியாக வெளிவருகிறது. அக்கிக்குக் காவி எழுதுவது நம்ம ஊர் வழக்கம். ஆனால் காவி கிருமியைக் கொல்லாது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மாத்திரையைத் தொடங்குவது நல்லது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணுக்கே ஆபத்து. அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்க.

அக்கிக்குப் பிந்தின எரிச்சலுக்குத்தான் மேல்பூச்சு உதவும். லிடோகெய்ன் 5 சதவீதப் பிளாஸ்டரைப் புண் இல்லாத தோலில் மட்டும், 24 மணி நேரத்தில் 12 மணி நேரம்தான் ஒட்டணும். மிளகாயின் காரச் சத்தான கேப்சைசின் கலந்த களிம்பும் உண்டு. முதலில் எரியும், குணம் தெரியச் சில வாரம் ஆகும். பூசியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். கண், வாய்ப் பக்கம் படவே கூடாது. இரண்டையும் டாக்டர் சொன்னால் மட்டும் முகத்தில் போடுங்க. மிளகாய்தானே என்று வீட்டில் அரைத்துப் பூசிடாதீங்க, தோல் வெந்து போகும். சுண்ணாம்பும் அப்படித்தான்.

சகோதரிகளே, வலியைச் சொல்லாமல் அடக்குவது பொறுமை ஆகாது. உங்க குழுவில் யாருக்காவது இப்படி இருந்தால், ஒருத்தர் துணைக்குப் போய் அரசு மருத்துவமனையில் காட்டுங்க. செலவுக்குக் கந்துவட்டி வாங்க விடாதீங்க. உள்கடன் கொடுக்கத் தீர்மானம் போடுங்க. அவசரத்துக்கு உதவத்தானே நாம் வாராவாரம் சேமிக்கிறோம்?