கணக்குக் கேட்டவர்களையே வேவு பார்த்தார்கள்!

(அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



பாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிற நாளை மில் தொழிலாளிகள் அறிவார்கள். முதல் நாளே மானேஜருக்குத் தகவல் வந்துவிடும். கழற்றிப் போட்ட மெஷின் மூடிகளெல்லாம் திரும்ப மாட்டப்படும். பஞ்சுத் தூசி கூட்டப்படும். இன்ஸ்பெக்டர் எந்த வழியாக நடப்பது, யாரிடம் பேசுவது என்பதை மானேஜரே தீர்மானிப்பார். களத்து மேட்டிலும் இதே கதைதான். மரக்காலும் பண்ணையார் கையில், கணக்கு நோட்டும் பண்ணையார் கையில்.

அமெரிக்காவின் சி.ஐ.ஏ. உளவு ஸ்தாபனமும் தன் நாட்டுச் சட்டசபை மெம்பர்களை இப்படித்தான் சமாளித்து வந்திருக்கிறது. அந்த நாட்டுப் பார்லிமெண்டுக்குக் காங்கிரஸ் என்று பெயர். நம் ஊர்க் கட்சியோடு குழம்ப வேண்டாம் என்பதற்காக அதைப் பார்லிமெண்ட் என்றே சொல்கிறேன். அதன் மேல்சபைக்கு செனட் என்று பெயர்.

சி.ஐ.ஏ. 1947-இல் பிறந்தது. 1949-இல் ஒரு சட்டம் வந்தது. ரகசிய வேலைக்குச் செலவான பணத்துக்கு ரசீது காட்ட வேண்டியதில்லை, செலவானது என்று டைரக்டர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றது அந்தச் சட்டம். பணம் யாருடையது? அமெரிக்கத் தொழிலாளி கட்டிய வரிப்பணம். ஓட்டுப் போட்டு ஒதுக்கியவர்கள் யார்? பார்லிமெண்ட் மெம்பர்கள். ஆனால் கணக்கு மட்டும் அவர்களுக்கு இல்லை!

அவர்கள் ஏன் கேட்கவில்லை? ஸ்தாபனத்துக்கு வேண்டிய நாலைந்து பெரிய மெம்பர்களிடம் மட்டும் மூடிய அறையில் பேசுவது வழக்கமாக இருந்தது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. 1956-இல் செனட்டர் மான்ஸ்பீல்ட், மேற்பார்வைக்கு நிரந்தரக் கமிட்டி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அந்த விவாதத்தில் செனட்டர் சால்டன்ஸ்டால் எழுந்து ஒளிக்காமலே சொன்னார்: சி.ஐ.ஏ. அதிகாரிகள் சொல்லத் தயங்கவில்லையாம், கேட்டுத் தெரிந்துகொள்ள மெம்பர்கள்தான் தயங்குகிறார்களாம்! தீர்மானத்துக்கு 27 ஓட்டு, எதிராக 59. தோற்றது.

கேட்காமல் இருந்ததற்கு விலை கொடுத்தது யார்? சிலி நாட்டு ஜனங்கள். அங்கே 1970-இல் ஜனங்களின் ஓட்டால் அலெண்டே ஜனாதிபதியானார். அவரைக் கவிழ்க்க சி.ஐ.ஏ. பணத்தை வாரி இறைத்தது. அவருடைய எதிரிகளுக்குப் பணம் கொடுத்தீர்களா என்று 1973 பிப்ரவரியில் செனட் கமிட்டி கேட்டது. டைரக்டராக இருந்த ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் பிரமாணம் செய்துவிட்டு, இல்லை என்றார். அந்தச் செப்டம்பரிலேயே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அலெண்டே மாண்டார், ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். 1970-க்கும் 1973-க்கும் இடையில் சிலியில் சி.ஐ.ஏ. 80 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது என்பதை 1975-இல் செனட் விசாரணையே வெளியிட்டது.

பொய் சொன்னவருக்கு என்ன தண்டனை? 1977-இல் 2,000 டாலர் அபராதமும், அனுபவிக்கத் தேவையில்லாத இரண்டு வருஷச் சிறைத் தண்டனையும். அபராதத்தை அவருடைய பழைய சகாக்கள் வசூல் பண்ணிக் கட்டினார்கள்!

அந்த 1975 விசாரணை எப்படி வந்தது? மெம்பர்களுக்குத் திடீரென்று தைரியம் பிறக்கவில்லை. வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து ஜனங்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். அவர்களையே சி.ஐ.ஏ. வேவு பார்த்தது என்று 1974 டிசம்பரில் ஒரு பத்திரிகை வெளியிட்டது. நாடு கொதித்தது. அதன் பிறகுதான் செனட்டர் சர்ச் தலைமையில் கமிட்டி அமைந்தது. காஸ்ட்ரோவையும் லுமும்பாவையும் கொல்லச் சதி செய்த விஷயம் அம்பலமானது. 1976-இல் செனட்டிலும், 1977-இல் கீழ்சபையிலும் நிரந்தரக் கமிட்டிகள் ஏற்பட்டன.

கமிட்டி வந்ததும் தந்திரம் மாறியது. மெம்பர்களைக் கவனிப்பதற்கென்றே ஸ்தாபனத்தில் தனி இலாகா இருக்கிறது. மிக ரகசியமான காரியங்களை எட்டுப் பேருக்கு மட்டும் சொன்னால் போதும் என்று 1980 சட்டம் இடம் கொடுத்தது. கேட்டவர் வெளியே வாய் திறக்க முடியாது. நாளைக்கு விஷயம் வெடித்தால், உங்களிடம் அன்றே சொன்னோமே என்று அவரையும் கூட்டாளியாக்கலாம்!

1984-இல் நிகரகுவாவின் துறைமுகங்களில் சி.ஐ.ஏ. கண்ணிவெடி வைத்தது. நீண்ட விளக்கத்தின் நடுவே ஒரே ஒரு வாக்கியத்தில் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்தார் டைரக்டர் கேசி. கடைந்தெடுத்த வலதுசாரியான கமிட்டித் தலைவர் கோல்ட்வாட்டரே கோபித்துக் கடிதம் எழுதினார். துணைத்தலைவர் மொய்னிஹான் ராஜினாமாவை அறிவித்தார். கேசி மன்னிப்புக் கேட்டதும் அதை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

இந்த மொய்னிஹான் 1973 முதல் 1975 வரை டில்லியில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். கேரளத்திலும் வங்காளத்திலும் கம்யூனிஸ்டுகள் ஜெயிக்காமல் தடுக்க, சி.ஐ.ஏ. இருமுறை காங்கிரஸ் கட்சிக்குப் பணம் கொடுத்தது என்று 1978-இல் தன் புத்தகத்தில் எழுதினார். இந்திரா காந்தி அதை மறுத்தார். தூதர் எழுதியது உண்மையானால், ரசீது இல்லாத அந்தப் பணம் நம் நாட்டு ஓட்டுப் பெட்டி வரைக்கும் வந்திருக்கிறது!

கடைசியாக நடந்ததைக் கேளுங்கள். 2001-க்குப் பிறகு சி.ஐ.ஏ. ரகசியச் சிறைகளில் கைதிகளைச் சித்திரவதை செய்தது. விசாரணைக் காட்சிகளைப் பதிவு செய்த 92 டேப்புகளை 2005-இல் அழித்தது. செனட் கமிட்டி விசாரணையில் இறங்கியது. பத்திரங்களைக் கொடுத்ததும் சி.ஐ.ஏ.தான், படிக்கக் கம்ப்யூட்டர் கொடுத்ததும் சி.ஐ.ஏ.தான். பிறகு அந்தக் கம்ப்யூட்டர்களுக்குள்ளேயே அது திருட்டுத்தனமாக நுழைந்தது! 2014 மார்ச்சில் கமிட்டித் தலைவி பைன்ஸ்டைன் இதைச் சபையில் போட்டுடைத்தார். டைரக்டர் பிரென்னன் மறுத்தார். ஜூலையில் ஸ்தாபனத்தின் சொந்தத் தணிக்கை அதிகாரியே உண்மை என்றார். மன்னிப்புக் கேட்டதோடு விஷயம் முடிந்தது. 6,700 பக்க அறிக்கையில் சுமார் 500 பக்கச் சுருக்கம் மட்டும் அந்த டிசம்பரில் வெளிவந்தது. அடைபட்டவர்கள் 119 பேர், அவர்களில் குறைந்தது 26 பேரை அடைத்ததே தவறு என்று அந்தச் சுருக்கமே சொல்கிறது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? கமிட்டி என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது. கண்காணிப்பவன் கையில் தனிக் கணக்கு இருக்க வேண்டும், தனிச் சாட்சி இருக்க வேண்டும். பொய் சொன்னவனுக்குத் தண்டனை இருக்க வேண்டும். இவையெல்லாம் தானாக வராது. 1975-இல் கதவு திறந்ததென்றால், வெளியே ஜனங்கள் நின்று தட்டியதால்தான் திறந்தது. தட்டுவது ஓய்ந்தபோதெல்லாம் அது மறுபடி சாத்திக்கொண்டது.

ஆகவே தோழர்களே, எந்த நாடானாலும் ரகசியம் என்று சொல்லி எவன் கணக்கை மூடினாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: பணம் யாருடையது? உயிர் யாருடையது? பதில் சொல்ல வேண்டியவன் யார்?