கிணத்துத் தண்ணிக்கும் ஒரு நோட்டு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. கடன், வட்டி, தவணை பத்தி மத்தவங்க பேசுவாங்க, நீ தண்ணியைப் பத்திப் பேசுன்னு சொன்னாங்க. தண்ணியிலும் கணக்கு இருக்கு, அதனால சரின்னுட்டேன்.

எங்க வீட்டுக்கு வாரம் 3 கேன் தண்ணி வாங்குறோம். ஒரு கேன் 35 ரூபாய். வாரத்துக்கு 105, வருஷத்துக்கு 5,460 ரூபாய். குழுவில் வாரச் சேமிப்பு 50 ரூபாய் கட்டவே நாம யோசிக்கிறோம். இத்தனைக்கும் வீட்டுக்குப் பின்னால கிணறு இருக்கு, தண்ணியும் கிடக்கு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வாயில் வச்சா கரிக்கும். உங்கள்ல நிறையப் பேர் வீட்டிலும் இதே கதைதான்.

தண்ணி கரிக்க பல காரணம் இருக்கு. திண்டுக்கல்லைச் சுத்தி பெரிய காரணம் தோல் பதனிடுறது. அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டு வாரக்கணக்கில் ஊற வைப்பாங்க. அப்புறம் குரோமியம் உப்பு வந்துச்சு, வேலை சீக்கிரம் முடிஞ்சுது. பச்சைத் தோல் அழுகாம இருக்க முதல்லயே உப்பை அள்ளிக் கொட்டியிருப்பாங்க. அதைக் கழுவின தண்ணி, சுண்ணாம்புத் தண்ணி, குரோமியத் தண்ணி எல்லாம் சேர்ந்து, ஒரு கிலோ தோலுக்கு சுமார் 35 லிட்டர் ஆகுதுன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே எழுதியிருக்கு. சுத்தம் பண்ணாம ஓடையில் விட்டா, அது மண்ணுக்குள்ள இறங்கிக் கிணத்துக்குத்தான் வரும்.

அந்தத் தீர்ப்பைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் 1991-ல் போட்ட வழக்கு. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. அதில் நம்ம ஊரும் இருக்கு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்தில் 13 கிராமத்துக்கு ஒரு தொண்டு நிறுவனத்து ஆட்கள் போயி, கிணறு கிணறா எண்ணியிருக்காங்க. குடிக்கவும் பாயவும் இருந்த 467 கிணத்தில் 350 கெட்டுப் போச்சு. பொம்பளைகளும் பிள்ளைகளும் மைல் கணக்கில் நடந்து தண்ணி எடுக்கிறாங்கன்னும் தீர்ப்பில் இருக்கு. அது நம்ம அம்மாமாரும் மாமியாருங்களும்தான். குடத்தோட அவங்க நடந்த நடை டெல்லி வரைக்கும் போயிருக்கு பாருங்க! கெடுத்தவங்கதான் நஷ்ட ஈடும் கொடுக்கணும், நிலத்தையும் சரி பண்ணணும்னு கோர்ட் சொன்னது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டாங்க. எனக்குக் கேட்டா அது ரொம்பக் கம்மி.

இப்போ திண்டுக்கல்லில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கு. ஆனா மண்ணுக்குள்ள இறங்கின உப்பு லேசில் போகாது. நம்ம குழுக்களிலேயே தோல் வேலைக்குப் போற அக்காமார் இருக்காங்க, அந்தக் கூலியில்தான் அடுப்பு எரியுது. அதனால கம்பெனியை மூடுன்னு நான் சொல்லலை. அவங்க வீட்டுக் கிணறும்தானே கெடுது?

ஒண்ணை மட்டும் மறக்காதீங்க. கொதிக்க வச்சா கிருமி சாகும், உப்பும் குரோமியமும் போகாது. தண்ணி வத்த வத்த உப்பு கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டினாலும் போகாது. ஒரு லிட்டரில் கரைஞ்ச உப்பு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற தண்ணியே இல்லைன்னா 2,000 வரைக்கும்தான். குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதை நாக்கில் கண்டுபிடிக்க முடியாது.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணி சோதிக்கப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கு. உங்க ஊரில் அந்த 5 பேர் யாருன்னு பஞ்சாயத்தில் கேளுங்க. அந்தக் கிட்டில் உப்பு, கடினத்தன்மை தெரியும். குரோமியத்துக்கு குடிநீர் வடிகால் வாரிய லேபுக்குத்தான் கொடுக்கணும்.

கடன் நோட்டு மாதிரி தண்ணிக்கும் ஒரு நோட்டு போடுவோம். எந்தத் தெரு, யார் கிணறு, எத்தனை அடி, எந்தத் தேதியில் எடுத்தது, ரிசல்ட் என்ன. கோடையில் ஒண்ணு, மழைக்குப் பிறகு ஒண்ணு. ஓடையில் நுரையோ கலரோ வந்தா தேதி போட்டு அதையும் எழுதுங்க. நாம கொட்டுற குப்பையையும் எழுதணும். கண்மாய்க் கரையில் பாலித்தீன், பாம்பர்ஸ் கிடக்கே, அதைக் கம்பெனிக்காரனா கொண்டாந்து போட்டான்?

மார்ச் 22 தண்ணீர் தினம், அன்னிக்கு கிராம சபை உண்டு. 'தண்ணி சரியில்லைங்க'ன்னு மொட்டையாச் சொன்னா, பார்க்கலாம்மான்னு அனுப்பிருவாங்க. நோட்டை விரிச்சு, இத்தனை கிணத்தில் இத்தனை கெட்டிருக்குன்னு படிச்சு, தீர்மானத்தில் ஏத்தச் சொல்லுங்க. ஏத்தினதைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

லேபுக்கு ஆகுற செலவை ஒரு குழு மட்டும் தாங்காது. ஊருக்கு 2 கிணத்துக்காவது கூட்டமைப்பு நிதியில் இருந்து கொடுக்கணும்னு இந்த மேடையில் கேட்டுக்கிறேன்.